சோதிக்காமலே சொன்ன சாட்சி

உன் ஈரலில் கிருமி இருக்கலாம் என்று என்னிடம் சொன்ன நாளில் நான் அழவில்லை. நேராகப் போய் இரண்டாவது ஷிப்டில் நின்றேன். அழுகை இரண்டு நாள் கழித்து, குளிக்கிற அறையில், குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் வந்தது.

அது 2007ஆம் வருஷம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தேன். மழைக்காலத்துக்குச் சற்று முன்பு ஆலையில் ரத்த தான முகாம் நடத்தினார்கள். முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். எனக்குப் பத்தொன்பது வயதில், ஆண்டவரை அறியாமல் குடித்துவிட்டுத் திரிந்த காலத்தில், கவரைப்பேட்டை பக்கத்தில் லாரி மோதி, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம். நானும் ஒருநாள் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

மூன்று வாரம் கழித்து, நேரில் வரச் சொல்லி ரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே இருந்த மேடம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"உங்க ரத்தத்துல ஹெபடைடிஸ் சி-க்கான அடையாளம் தெரியுது. அது ஈரலைக் கெடுக்கிற கிருமி. ஆனா இந்த ஒரு டெஸ்ட்டை வச்சு முடிவு சொல்ல முடியாது. கிருமி இப்பவும் உள்ள இருக்கான்னு பாக்க இன்னொரு டெஸ்ட் இருக்கு. கட்டாயம் எடுத்துடுங்க."

சென்னையில் எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். ஈரல் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. மற்றதெல்லாம் பிற்பாடு யோசித்து யோசித்து ஞாபகப்படுத்திக்கொண்டதுதான். என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். நான்கு வயது மகள் மடியில் ஏற வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன். குழந்தையின் முகம் வாடிப்போகும்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. இன்னும் கிடைக்காததைக் கிடைத்துவிட்டதாகவே எண்ணி, சாட்சி நேரத்தில் எழுந்து நன்றி சொல்வோம். வாடகை வீட்டில் இருப்பவர் சொந்த வீட்டுக்காக நன்றி சொல்வார். அதை விசுவாச அறிக்கை என்போம். அதில் தப்பு இருப்பதாக நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கோ மைக் என்றால் உயிர். கையில் கிடைத்தால் பாஸ்டர் வந்து பிடுங்கினால்தான் உண்டு. அடுத்த ஞாயிறே எழுந்து நின்றேன். "எனக்குக் கொடிய வியாதி என்றார்கள். கர்த்தர் என்னை முற்றிலும் சுகமாக்கிவிட்டார்" என்றேன். கைதட்டலில் ஷீட் கூரை அதிர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவி எஸ்தர் என்ன வியாதி என்று கேட்டாள். சீட்டைக் காட்டி, "அதான் சுகமாயிடுச்சே, விடு" என்று வாயை அடைத்தேன். அவள் போய் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள்.

மாட்டிக்கொண்டது நான்தான். இனி டெஸ்டுக்குப் போனால் கர்த்தரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். போய், கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டால், சபைக்கு நடுவில் நான் பொய்யன். சீட்டு இரண்டு மாதத்துக்கு மேல் சட்டைப்பையிலேயே கிடந்தது. கொஞ்சம் சோர்வு வந்தாலும் கண்ணாடி முன்னால் நின்று கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சுகமானவன் செய்கிற காரியமா இது?

ஒருநாள் எஸ்தர் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ரூத் அக்கா சக்கரை மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்களாம். உன் சாட்சியக் கேட்டுத்தான். கால் புண்ணு கறுத்துப்போய்க் கீது."

ரூத் அக்கா எங்கள் சபையில் பாய் விரிப்பவர். நான் பேசினால் முதல் அல்லேலூயா அவருடையதுதான்.

"அவங்க விசுவாசம்..." என்று ஆரம்பித்தேன்.

"குஷ்டரோகிய சுகமாக்கிட்டு இயேசப்பா இன்னா சொன்னாரு? சுகமாச்சான்னு பாத்துச் சொல்ற ஆசாரியன்கிட்ட போய்க் காட்டுன்னுதான சொன்னாரு? தான் செஞ்சத காட்டச் சொல்ல அவருக்கே பயம் இல்ல. நீ இன்னாத்துக்கு பயந்துக்கினுகீறே?"

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எதுவும் என்னை அப்படி உலுக்கியதில்லை. அன்றைக்கே நானும் எஸ்தரும் ரூத் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, நான் காலை மின்சார ரயிலில் சென்னைக்குக் கிளம்பினேன்.

பொன்னேரி தாண்டியதும் ஜன்னலோரம் தலையைச் சாய்த்து ஜெபம் பண்ணினேன். அதுவரை சுகம் தாரும் என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். அன்று வேறு ஜெபம் வந்தது. "அப்பா, இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளதை உள்ளபடி சபையில் சொல்ல எனக்குத் தைரியம் கொடும். என் பொய்யை மன்னியும்." அவ்வளவுதான். இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ரிசல்ட் வருவதற்கு முன்பே இறங்கியது, அதைக் கவனிக்க வேண்டும்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்து ஒரு வாரம் கழித்து டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டார். லாரி விபத்தைச் சொன்னேன்.

"அநேகமா அதுலதான் கிருமி வந்திருக்கணும். இப்ப உங்க ரத்தத்துல கிருமி இல்ல. வந்ததோட தடயம் மட்டும்தான் இருக்கு. சில பேருக்கு மருந்தே இல்லாம போயிடும்."

"எப்ப சார் போச்சு?"

"அது யாருக்கும் தெரியாது. பல வருஷம் முன்னாடியே போயிருக்கலாம்."

தட்டு, டம்ளரால் ஒட்டுகிற வியாதியே இல்லை இது, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுங்கள் என்றார். தடயம் இருப்பதால் இனி ரத்த தானம் மட்டும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்றார். ஆறு மாதம் முடிந்ததும் ஒருநாள்கூடத் தள்ளாமல் போனேன். அப்போதும் கிருமி இல்லை.

முதல் ரிசல்ட் வாங்கிய அன்று ஆஸ்பத்திரி வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எனக்குள் வந்தது சந்தோஷத்தைவிடப் பெரிய ஒன்று. கிருமி போனது, நான் ஆண்டவர் பெயரைக்கூடச் சொல்லியிராத காலமாக இருக்கலாம். சாராயக் கடை வாசலில் விழுந்து கிடந்த நாளாகவும் இருக்கலாம். அப்போதே என் ஈரலுக்குள் வந்து, வேலையை முடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். எந்த நாள், எந்த மணி என்று எனக்குத் தெரியாது. என்னைப் பெற்றவளுக்கும் தெரியாது. அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிறு மைக்கைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. முன்பு சொன்னது பார்க்காமல் சொன்ன சாட்சி, பயத்தை மறைக்கச் சொன்னது என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டேன். யாரும் கைதட்டவில்லை. பலர் அழுதார்கள். பாஸ்டர் எழுந்து, மாத்திரையை நிறுத்தியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். நான்கு கை எழும்பியது. ரூத் அக்காவுக்குக் காலில் ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. அந்த விரலுக்கு நான் ஆண்டவரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அக்கா என்னை மன்னித்துவிட்டார்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது ஒரு சீட்டைச் சட்டைப்பையிலோ பீரோவிலோ மறைத்து வைத்துக்கொண்டு, பயத்தை விசுவாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ரிசல்ட் எப்படி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்ல முடியும். அந்த டாக்டர் அறைக்குள் நீங்கள் பயந்து பயந்து கால் வைக்கும்போது, ஆண்டவர் உங்களுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருப்பார்.