நெருளில் ஒரு நேர்த்திக்கடன்

என் சித்திக்கு இந்தி தெரியாது; எனக்குத் தெரியும். இந்த ஒரு தகுதியை வைத்துத்தான், மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னைப் பள்ளிக்கு மட்டம் போடவைத்து அவள் ஒரு செவ்வாய்க்கிழமை, ரயிலில் கடல்கழி தாண்டிப் போகவேண்டிய நெருளுக்கு அழைத்துப்போனாள். தாராவிச் சந்துகளில் விளையாடிப் பொறுக்கிய இந்தி அது. ஆனாலும், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து, சாலையைக் கடக்கக்கூட என் கையைப் பிடித்துக்கொள்ளும் சித்திக்கு நான் பெரிய பண்டிதை.

சித்தி என் அப்பாவின் தம்பி மனைவி. எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்: கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் ஓர் இரும்பு ஏணி. அப்பாவும் சித்தப்பாவும் தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போவார்கள். ஆனால் வீட்டை ஆண்டது அடுத்த சந்தில் குடியிருந்த அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அவள் குரல் சந்து திரும்புவதற்கு முன்பே வந்துவிடும். அவள் முன்னால் சித்தப்பாவுக்கு நாக்கு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும்.

சித்திக்கு இரண்டும் பெண் குழந்தைகள். இரண்டாவது பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், அம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. உடம்பு தேறும்வரை அடுத்த குழந்தை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை வேறு மாதிரிச் சொன்னாள்: அடுத்தது பையன், அதுவும் சீக்கிரம். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் அத்தைக்கு உறவு. அங்கே தலைவலி மாத்திரை வாங்கினாலே நமக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் ஊர்க்காரர்கள். இதெல்லாம் பின்னாளில் நானாகச் சேர்த்துப் புரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்திக்கு நெருள் கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறதென்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள் என்பதுதான். அத்தைக்கு ஒரே சந்தோஷம். பையனுக்குத்தான் என்று அவளே முடிவு செய்து, தேங்காயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

குர்லாவில் இறங்கிப் பன்வேல் வண்டி பிடித்தோம். மான்குர்த் தாண்டியதும் வண்டி பாலத்தில் ஏறித் தண்ணீர்மேல் ஓடத் தொடங்கியது. அவ்வளவு தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. கரையே இல்லாததுபோல இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் கும்பிட்டேன்.

ஆனால் நெருளில் இறங்கியதும் அவள் என்னைக் கோயில் பக்கம் கூட்டிப்போகவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரி. எங்கன்னு கேளு ட்டி. கோயிலு பொறவு."

அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெஞ்சு முழுக்கப் பெண்கள். எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த மராத்தி நர்ஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டாள். வழியெல்லாம் சித்தி எனக்கு உருப்போட்டுக் கொடுத்திருந்த வார்த்தையைச் சொன்னேன். காப்பர் டி. அது கருத்தடைச் சாதனம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். இரண்டு பெண். பையன் இல்லையா? இல்லை. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பையன் இல்லாமல் எதற்கு இது, நாளைக்கு வீட்டில் சண்டை வந்தால் யார் பதில் சொல்வது, புருஷனை அழைத்துக்கொண்டு வரச் சொல் என்றாள்.

நான் தமிழில் சொன்னேன். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், கோயிலுக்குப் போய்விடலாம் என்று நான் தேங்காய்ப் பையை எடுத்தேன்.

"வைய்யி அத," என்றாள் சித்தி. "நான் சொல்லுதத அப்பிடியே சொல்லு. ஒண்ணையும் விடாத. ரெண்டு பிள்ளையும் பெத்தது நான். ரெண்டாவதுல செத்துப் பொழச்சதும் நான். இது என் ஒடம்பு. இதுக்கு எதுக்கு இன்னொரு ஆளு வரணும்? சொல்லு ட்டி."

அப்படியே சொல்லச் சொன்னாளே என்று நானும் அப்படியே சொன்னேன். "மைனே தோ பச்சே பைதா கியே." நான் இரண்டு பிள்ளை பெற்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. இரண்டாவதில் நான் செத்துப் பிழைத்தேன் என்றேன். சிரிப்பு அடங்கியது. இது என் உடம்பு என்றேன். துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்த ஒருத்தி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தால், சித்தி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் அவ்வளவு உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சத்தம் கேட்டு உள்ளிருந்து பெண் டாக்டர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். புருஷன் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, என் தலையில் கை வைத்து, உன் வேலை முடிந்தது என்றார். மாடியிலிருந்து ஒரு மலையாளி நர்ஸை வரவழைத்தார்கள். அவள் பேசிய மலையாளத்தமிழ் சித்திக்குப் புரிந்தது. கதவு சாத்தப்பட்டது.

வெளியே உட்கார்ந்து யோசித்தேன். காப்பர் என்றால் செம்பு என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஊரில் செம்புத் தகட்டில் மந்திரம் எழுதிச் சுருட்டித் தாயத்துக் கட்டுவார்களே, அதைத்தான் உள்ளே கட்டுகிறார்கள் என்று தீர்மானித்தேன்.

சித்தி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மெல்ல நடந்தாள். ஆனாலும் சொன்னபடி கோயிலுக்குப் போனோம், தேங்காய் உடைத்தோம். ஸ்டேஷன் வாசலில் அவளே கடைக்காரனிடம் போய் "தோ வடாபாவ்" என்றாள். என் காதில் விழ அவள் பேசிய முதல் இந்தி அதுதான்.

சாயங்காலம் அத்தை எங்கள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"நல்லா வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன் மைனி."

"சித்திக்குத் தாயத்து…" என்று நான் பெருமையோடு ஆரம்பித்தேன். அம்மா பிரசாத வாழைப்பழத்தை முழுசாக என் வாயில் திணித்தாள். "பிள்ளைக்குப் பசி," என்றாள் அத்தையிடம்.

பையன் பிறக்கவில்லை. சாமி மெதுவாகத்தான் தரும்போலிருக்கிறது என்று அத்தையே அவ்வப்போது தேங்காய் கொடுத்து சித்தியை நெருளுக்கு அனுப்பிவைத்தாள். சித்தியும் தட்டாமல் போய், டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினாள். உடம்பு தேறியது. இந்தி வந்தது. தங்கைகள் இருவரும் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள்.

போன மாதம் ஏதோ பேச்சில், காப்பர் டி விஷயம் சித்தப்பாவுக்கு அப்போது தெரியுமா என்று சித்தியிடம் கேட்டேன்.

"தெரியாம? அன்னைக்குச் சாயந்தரமே சொல்லிட்டேன்."

"சம்மதிச்சாரா?"

"சம்மதமான்னு நான் எங்க கேட்டேன்? சொன்னேன். அவ்வளவுதான்."

நெருளுக்குப் போய்வந்த மறுநாள் காலையில், வழக்கமாகச் சித்தி தூக்கும் இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா குழாயடிக்குப் போனார். அந்த வாரம் முழுக்க, பெண்கள் வரிசையில் ஒற்றை ஆணாக நின்று தண்ணீர் பிடித்தார். அத்தை ஒருநாள் அங்கேயே வந்து, ஆண்பிள்ளை பெற வழியைக் காணோம், குடம் தூக்க வந்துவிட்டான் என்று சத்தம் போட்டாள். சித்தப்பா தலையைக் குனிந்தபடி, அடுத்த குடத்தைக் குழாய்க்கடியில் தள்ளினார். அத்தைக்குப் பயந்துதான் பேசாமல் நிற்கிறார் என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் நினைத்துக்கொண்டேன்.