துரைக்குக் காட்டிய கொதிநீர்

பருப்பு வேகாததற்கு மருமகளைத் திட்டுவது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அன்றாட வழக்கம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெண்கள் பெரும்பாலும் கீழே இருந்துதான் வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அரை மணியில் பருப்பைக் குழைய வைத்தவள், மலையேறியதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பை ஊதுவாள். பருப்பு முழுசு முழுசாகவே கிடக்கும். "ஒங்காத்தா சமைக்கச் சொல்லித் தரலியா?" என்ற கேள்வி மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எழுபதுகளின் பிற்பாதி அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு மார்க் போதாமல், தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். சனிக்கிழமை மாலைகளில் தோட்டத்து மண்டபத்தில் பௌதிக விளையாட்டு காட்டுவேன். மண்ணெண்ணெய் டின்னில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கீழே இறக்கி, மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால், யாரும் தொடாமலே டின் நசுங்கிச் சுருளும். பிள்ளைகள் அலறும். பெரியவர்கள், "இன்னொரு தடவ நசுக்கு தம்பி" என்பார்கள். காற்றின் எடையைப் பற்றி நான் வாயைத் திறந்தால் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை கெட்டிலைக் கொண்டுபோனேன். டவுன் பள்ளியில் இரவல் வாங்கிய உஷ்ணமானியும் இருந்தது. அதற்கு முந்தின வாரமே பஸ் பிடித்து மலையிறங்கி, தாப்பாவில் ஒரு கோப்பிக் கடையில் கெஞ்சி, கொதிக்கிற தண்ணீரில் அதை விட்டுப் பார்த்திருந்தேன். கடைக்காரச் சீனர் எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்து, பரிதாபப்பட்டு ஒரு கோப்பியும் கொடுத்தார். அங்கே ஏறக்குறைய நூறு டிகிரி. எங்கள் மண்டபத்தில் எத்தனை விறகு வைத்தாலும் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை.

"மலை ஏற ஏறக் காத்து லேசாயிடும். அமுக்குற காத்து கொறைஞ்சா தண்ணி முன்னாடியே கொதிச்சிடும். கொதிக்கும், ஆனா சூடு பத்தாது. அதான் பருப்பு வேக மாட்டேங்குது" என்றேன்.

பின்வரிசையில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் எழுந்தாள். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவள். "அத்தே, கேட்டுக்கிட்டீங்களா? கோளாறு காத்துலயாம். எங்கையில இல்லியாம்."

"ஆமாடி, நாளைக்கு அந்தக் காத்தையே கொழம்பு வைக்கச் சொல்லு" என்றாள் மாமியார்.

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அன்றைக்கு ஒருவரும் பீடிக்கு எழுந்து போகவில்லை. நான் சொன்னது அவர்கள் அடுப்பங்கரை வரை போய்விட்டது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

அப்பாவுக்கு வயது முடிந்து, அந்த வருட முடிவோடு தோட்டத்து வேலை நிற்க இருந்தது. அம்மா முதுகு வலி தாங்காமல் கொழுந்து பறிப்பதை முன்பே விட்டிருந்தார். லயத்து வீடு தோட்டத்து வேலையோடு சேர்ந்தது. வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்து வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பள்ளிக்கூட வேலை அதில் சேராது. பாக்டரியில் டீ மேக்கருக்கு உதவியாள் வேலை ஒன்று காலியாக இருந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, அப்பாவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"தொர ஒன் வெளையாட்டப் பத்திக் கேள்விப்பட்டிருக்காரு. அடுத்த வாரம் தேயில வாங்குறவங்க வர்றாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு அவங்களக் கொஞ்சம் சிரிக்க வைக்கணுமாம். நல்லாச் செஞ்சிட்டீன்னா பாக்டரி வேல ஒனக்குத்தான்லா."

அப்பா பிரிஞ்சாங் டவுனில் எனக்குக் காலுக்குக் கறுப்புச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் சப்பாத்து போட்டதில்லை. வார் எப்படிக் கட்டுவது என்று கடைக்காரரிடம் அவரே கேட்டுக்கொண்டார்.

பாக்டரியின் விருந்தாளி அறையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. டின் நசுங்கியதும் ஓர் அம்மாள் வீறிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். தோட்ட மேனேஜரான துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அங்கே நிறுத்தியிருக்கலாம். வேலை கிடைத்திருக்கும். ஆனால் வந்திருப்பவர்கள் தேயிலைக்காரர்கள், அவர்களுக்குத் தேயிலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கெட்டில் கொதித்தது. கண்ணாடி முன் நின்று பழகிய ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்த மலையில் தண்ணீருக்கு முழுச் சூடு ஏறாது. அதனால் தூளின் முழுச் சாறும் இறங்காது. இதே தூளைத் தாப்பாவில் போட்டுக் குடித்தால் இதைவிட நன்றாக இருக்கும்.

இதோடும் விடவில்லை. பள்ளியில் பிள்ளைகளை அழைத்து வாசிக்கச் சொல்வேன். அதே பழக்கத்தில் உஷ்ணமானியைத் துரையின் முகத்துக்கு நேரே நீட்டி, "சத்தமாக வாசியுங்கள், சார்" என்றேன்.

அவர் வாசித்தார். "தொண்ணூற்றைந்து."

பருமனான ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியானால் இத்தனை வருடமும் எங்களுக்கு அரைகுறைத் தேநீரா கொடுத்தீர்கள்?" என்றார். "கோளாறு தண்ணீரிலா, தூளிலா?" என்றார் இன்னொருவர். அறை முழுக்கச் சிரிப்பு. துரையும் சிரித்தார், கழுத்து மட்டும் சிவந்துகொண்டே வந்தது. நான் அதையும் பாராட்டு என்று எண்ணி, குனிந்து வணக்கம் வைத்தேன்.

திங்கட்கிழமை அந்த வேலையை ஈப்போவிலிருந்து வந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கிராணியிடம் போய், உரம் போடுகிற வேலையாவது கொடுங்கள் என்று நின்றேன்.

"ஒம் பேரயே எடுத்துக்கிட்டு வராதன்னுட்டாரு தம்பி. சிரிக்க வைக்கத்தான சொன்னோம்? ஒன்ன யாரு பாடம் நடத்தச் சொன்னா?"

லயத்திலும் அதே பேச்சுத்தான். "தொர டீயவே கொற சொல்லலாமா?" என்றார்கள், மண்டபத்தில் கைதட்டியவர்கள். எங்களுக்காகக் கிராணியிடம் ஒரு வார்த்தை பேச யாரும் வரவில்லை. அவர்களுக்கும் வீடு வேலையோடு சேர்ந்ததுதான். இது புரிகிறது. புரிந்தாலும் இன்றுவரை கசப்பு போகவில்லை. அறிவை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் அப்பா வேலை தேடிக்கொண்டார். தங்க, தகரக் கொட்டகை ஒன்று உண்டு. வருடக் கடைசியில் சாமான்களை லோரியில் ஏற்றினோம். அம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில். நானும் அப்பாவும் பின்னால், அலமாரியையும் பாத்திர மூட்டைகளையும் பிடித்துக்கொண்டு. அத்தனை நாளும் அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. பிரிஞ்சாங் தாண்டியதும் கேட்டார்:

"இங்க தண்ணிக்குச் சூடு பத்தாதுன்றது தொரைக்கு முன்னாடி தெரியாதா?"

"தெரியும்பா. தேயில பாக்டரி நடத்துறவருக்குத் தெரியாம இருக்குமா?"

"வந்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்."

"பொறவு தெரிஞ்சவங்களுக்கே எதுக்குடா காட்டுன?"

லோரி கியா பார்ம் ஏற்றத்தில் கியர் மாற்றியது. சரிந்த அலமாரியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.