சங்காயக் குவியலில் என் செருப்பு

எனக்குக் கால் வளர்ந்துகொண்டே இருந்த வயது. செருப்பு பத்தாமல் போனால் குப்பையில் போட முடியாது. பாம்பனிலிருந்து மாமா வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அம்மாவின் தம்பி அவர், நாட்டுப்படகில் நண்டுவலை விடுகிறவர். ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஓட்டை போட்டு, வலையின் மேல்கயிற்றில் மிதவையாகக் கட்டுவார். "உன் செருப்பு கடல்ல நடந்து போயி நண்டு புடிச்சிட்டு வருது மருமகளே" என்பார். தெருவில் வேறு எந்தப் பிள்ளையின் செருப்புக்கும் அந்த யோகம் கிடையாது என்பதில் எனக்குப் பெருமை தாங்காது.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று எங்கள் பக்கம் கடலை முறை வைத்துப் பிரித்திருந்தார்கள். கடலடியை வாரி இழுத்துக்கொண்டு வருகிற விசைப்படகு கரையோரம் வரவும் கூடாது. அதனால் அப்பாவும் மாமாவும் கடலில் முகம் பார்க்காமலே பிழைத்தார்கள். கல்யாண வீடுகளில் மட்டும் பார்த்து, ரொம்பப் பாசமாகப் பேசிக்கொண்டார்கள்.

அப்பாவின் பங்காகச் சங்காயமும் வீட்டுக்கு வரும். வலையில் ஏறுகிற பொடிசு எல்லாம் சங்காயம்தான். காயவைத்துக் கொடுத்தால் லாரிக்காரர் கோழித்தீவனத்துக்கு எடுத்துப் போவார். அப்பா கடலுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அதைக் கடலிலேயே தள்ளிவிட்டு வருவார்களாம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பெட்டி பெட்டியாக அதுதான் வந்து இறங்கியது. பெரிய மீனைப் பார்ப்பதுதான் அபூர்வமாக இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வழக்கமான நேரம் தாண்டி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமாவிடமிருந்து போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

"வலைய அறுத்து இழுத்துட்டுப் போயிட்டானுக அக்கா. விடிஞ்சா எங்க முறைன்னு வலைய விட்டு வச்சிருக்கேன், கரையடியில வந்து வாரிட்டுப் போயிருக்கானுக. எந்த போட்டுன்னு மட்டும் தெரியட்டும், எவன் இருந்தாலும் கைய வெட்டிப்புடுவேன்."

"ஏலே, வாய அடக்கு. எங்கன இருக்க?"

"போட்டு கட்டுற ஜெட்டியில. மீன்வள ஆபீசர்ட்ட சொல்லிட்டு ஒங்க வீட்டுக்குத்தான் வாரேன்."

மாமா சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஒரு சடங்கு வீட்டில் சோறு குழைந்ததற்கே அண்டாவைக் கவிழ்த்தவர். பாவம் எவனோ என்று நினைத்தபடி, காக்கா விரட்ட வெளியே போய், அன்றைக்கு அப்பா கொண்டுவந்து அம்மா பாயில் பரப்பியிருந்த சங்காயத்தைக் கிளறினேன். ரோஸ் கலரில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ரப்பர்த் துண்டு. அதில் பாதிப் பூ. என் செருப்பின் பூ. ஓட்டையில் நரம்புக் கயிறு அறுந்து தொங்கியது.

உள்ளே படுத்திருக்கிற அப்பாவின் கையைப் பார்த்தேன். தலைக்கு அணையாக மடித்து வைத்திருந்தார். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கையை மாமா வெட்டுவார், அம்மா நடுவில் விழுவாள், அவளுக்கும் வெட்டு விழும் என்று வரிசையாகத் தோன்றியது. துண்டைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். வேறு துண்டு கிடக்கிறதா என்று தேடுவதற்குள் மாமாவின் பைக் சத்தம் கேட்டது. அப்படியே பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மருமகளே, மாமன் வந்தா எந்திரிச்சு வரமாட்டியா?"

எழுந்தால் துண்டு விழும். "கால் மரத்துப்போச்சு மாமா" என்றேன். இடுப்பிலிருந்து கவிச்சை வாடை தூக்கியடித்தது. நல்லவேளையாக, எங்கள் வீட்டில் அது சந்தேகத்துக்குரிய வாடை இல்லை.

அப்பா எழுந்து வந்து வாசலில் நின்றார். "வா மாப்ள" என்றார். மாமா அவரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சங்காயத்தைக் கையால் அளைந்தார். இன்னொரு ரோஸ் துண்டு கிடைத்துவிடப் போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் இடுப்பில் கத்தி இருக்குமா, அப்பா ஓடித் தப்பிப்பாரா என்பதே நினைப்பு.

"மச்சான், இதப் பாருங்க."

கண்ணைத் திறந்தேன். மாமாவின் உள்ளங்கையில் இருந்தது செருப்புத் துண்டு இல்லை. ஒரு நண்டுக் குஞ்சு, என் கட்டைவிரல் நகமளவு.

"வலை போனா வேற முடைஞ்சுக்கலாம். இதெல்லாம் கரையடியில வளந்து என் வலைக்கு வரவேண்டியது. இதையும் வாரிட்டீகன்னா நான் எதுக்கு மச்சான் வலை விடணும்?"

"டிரைவரு கரையடிக்குத் திருப்பிட்டாரு மாப்ள. வெளிக்கடல்ல ஒண்ணுமில்ல. நான் என்ன செய்ய?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா கையை ஓங்கவில்லை. நண்டைப் பாய் ஓரத்தில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என் பழைய செருப்பைக் கேட்டு வந்ததில்லை. படகை விற்றுவிட்டு மங்களூர் பக்கம் விசைப்படகில் கூலிக்குப் போய்விட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அன்றைக்கு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரையும் வெட்டவில்லை, சண்டைகூட இல்லை, ஒரு பொடி நண்டைப் பற்றித்தான் பேச்சு என்று சிரிப்பே வந்துவிட்டது. மாமா வைத்துவிட்டுப் போன நண்டை எடுத்து, லாரி வருவதற்குள் காயட்டும் என்று நல்ல வெயிலாகப் பார்த்துப் பரப்பினேன்.