சூசைரட்ணம் வாசித்த மௌனம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், என் காம்பராவுக்கு அடுத்த அறை சூசைரட்ணத்துடையது. கிழமை நாளில் ஹட்டன் டவுனில் துணிக்கடை வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயிலில் கீபோர்ட் வாசித்துப் பாடுகிறவன். பையன் கெட்டவனில்லை. குடிக்க மாட்டான், பெண்டாட்டியை அடிக்க மாட்டான். வாயையும் விரலையும் சும்மா வைத்திருக்க மாட்டான், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காகவே அவனை நாலு அறை அறையலாம்.

கினிகத்தேனையில் கலைந்துபோன ஒரு பாண்ட் கோஷ்டியிடம் வாங்கிய பழைய கீபோர்ட் அது. ஒரு பொத்தானை அமுக்கினால் மத்தளம் தானாக அடிக்கும். கல்யாணத்துக்கும் அதே அடி, பெரிய வெள்ளிக்கும் அதே அடி. தவக்காலத் தியானம் வந்தால் இவனுக்குத் திருவிழா. பாட்டு முடிந்து, எல்லோரும் கண்ணை மூடி ஆண்டவரோடு பேசுகிற நேரத்திலும் விரலை எடுக்க மாட்டான். பின்னால் ங்கொய் என்று இழுத்துக்கொண்டே இருப்பான். என்ன ஜெபிக்கிறோம் என்று எங்களுக்கே கேட்காது. அந்த நேரத்தில் இவன் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் யார் அழுகிறார்கள் என்று பார்ப்பான்.

"பாத்தீங்களா பெரியம்மா, இன்னைக்கு முன் வரிசை முழுக்க அழுகை!"

"உன் பாட்டு எப்படா முடியும்னு அழுதாங்க."

சிரித்துக்கொண்டே போவான். உறைக்காது.

எனக்குப் பாட்டே பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். மலையில் கொழுந்து எடுத்த காலமெல்லாம் பாடியவள்தான் நான். பாட்டு கொழுந்துக் கூடை மாதிரி. கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் சுமக்கத்தான் வேண்டும். அங்கே போனதும் இறக்கி வைத்துவிட வேண்டும். கொழுந்தை நிறுத்துப் போட்ட பிறகும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆடுகிறவளை என்னவென்று சொல்வது?

அவன் பெண்டாட்டி இராசம்மா. இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் கொத்மலையில் அவள் அம்மா செத்துப்போனாள். சாவு வீட்டுக்கும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் அழுகைக்குச் சுருதி வைத்தான் இந்த மகராசன். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவன் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டான். அழாமலேயே அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தால் டிவி, மலைக்குப் போனால் கங்காணியின் சத்தம்.

தவக்காலத் தியானத்துக்கு முந்தின நாள் அவள் கேட்டது சுவர் தாண்டி என் காதில் விழுந்தது.

"ஏங்க, நாளைக்கு மட்டும் பாட்டு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கைய எடுத்துருங்க. அம்மாவ நெனச்சு ஒருவாட்டி சும்மா உக்காரணும்."

"லூசா நீ? தியானம் நடத்த கொழும்பிலருந்து பிரதர் வர்றாரு. அவரு கோஷ்டிக்குப் பாட ஆள் தேடுறாரு. நாளைக்குப் பாத்து கைய எடுக்கச் சொல்றியே!"

தியானத்தன்று கோயில் நிறைந்திருந்தது. பிரதர் பேசி முடித்து, "இனி அமைதியா இருப்போம்" என்று கண்ணை மூடினார். அமைதியாம்! சூசைரட்ணம் சத்தத்தை இன்னும் ஏற்றினான். இராசம்மா எழுந்தாள். முழங்காலில் இருந்தவர்களைத் தாண்டிப் போய், சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். வயரைக் கையில் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இவன் கட்டைகளைக் குத்திக் குத்திப் பார்த்தான். வெறும் வாயால் பாடத் தொடங்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

தகரத்தில் மழை விழுவது கேட்டது. யாரோ இருமினார்கள். சற்று முன் பாடிய பாட்டின் கடைசி அடி எனக்குள் தானாக ஓடி ஓடி, பிறகு நின்றது. அதற்கப்புறம்தான் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் யாரும் இல்லாமல் போனார்கள். இராசம்மா தோள் குலுங்க அழுதாள். அந்த அழுகையை மட்டும் இவன் பார்க்கவில்லை; செத்த கீபோர்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் பிரதர் நேரே அவனிடம் வந்தார். "பாட்டை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆள இன்னைக்குத்தான் பாக்கிறேன். யாரு சொல்லித் தந்தா தம்பி?"

சூசைரட்ணம் தலை குனிந்தான். உண்மையைச் சொல்லிவிடுவான் என்று எனக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது.

"ஆவியானவர்தாங்க பிரதர். கைய எடுன்னாரு, எடுத்துட்டேன்."

அந்த ஆவியானவர் அப்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பிரதரின் கோஷ்டியில் பாடக் கொழும்புக்குப் போனான். போன வேகத்தில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தான். அங்கே ஒருநாள்கூடக் கையை எடுக்கவில்லையாம்.

"என்னடா, ஆவியானவர் கூட வரலியா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குப் பாட்டோட அருமை தெரியலங்க பெரியம்மா."

இப்போதும் எங்கள் கோயிலில் அவன்தான் வாசிக்கிறான். வேறு ஆள் ஏது? ஆனால் இராசம்மா முன் வரிசைக்குப் போவதில்லை. பிளக்குக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காருகிறாள். பாட்டு முடிகிறபோது இவன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்க்கிறான். பார்த்துவிட்டுக் கையை எடுக்கிறான்.