தெளிவாக வந்த ஆறு படங்கள்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த லேபில் மைக்ரோஸ்கோப்புக்கென்று தனி கேமரா கிடையாது. என் கல்யாணத்துக்கு வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவையே பயன்படுத்தினேன். மருந்து பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, அதை வைத்து, மைக்ரோஸ்கோப்பில் நாம் கண் வைக்கும் குழாயோடு கேமராவைப் பொருத்திவிடுவேன். ரத்த ஸ்லைடைப் படம் பிடித்து டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால், வீட்டிலிருந்தே பார்த்து ரிப்போர்ட் சொல்வார். ஒருமுறை, "கலங்கின படமெல்லாம் அனுப்பாதீங்க, எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதன் பிறகு நான் அனுப்பிய படங்களைக் காலண்டரில் போடலாம்.

வேப்பம்பட்டு வரை பைக்கில் போய் ரத்த சாம்பிள் வாங்கி வருபவன் என் நண்பன். ஒருநாள் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ரெண்டு வாரமா ஜொரம் உட்டு உட்டு வருது. பல்லு வெளக்குனா ரத்தமா கீது. என்னுதையும் பாரேன்."

ஸ்லைடின் ஓரத்தில் இருக்கக் கூடாத செல்கள் இருந்தன. அளவுக்கு மீறிப் பெரிதாக, ஒரே மாதிரி. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஓரத்தில் கேமராவுக்கு ஃபோகஸ் பிடிக்கவில்லை. நாலு முறை எடுத்தும் கலங்கல்தான். காய்ச்சலில் சில செல்கள் இப்படிப் பெருப்பது உண்டு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஸ்லைடை நடுப்பக்கம் நகர்த்தினேன். பளிச்சென்று ஆறு படம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நான் கேமராவிடம் சாட்சி கேட்டேன், மடையன்.

"வைரல் காய்ச்சல்தான். படம் பிரமாதம்" என்று டாக்டர் பதில் போட்டார். இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் பைக் ஓட்டினான். அப்புறம் மண்ணூர்பேட்டையில் மயங்கி விழுந்தான். பெரியாஸ்பத்திரியில் ஸ்லைடை நேரில் பார்த்தவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், ரத்தப் புற்றுநோய் என்று. முன்னாலேயே வந்திருந்தால் மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு இருந்திருக்குமாம்.

வார்டில் அவன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க டெஸ்ட் பண்ணப்போ ஒண்ணுமே தெரியலியா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அவன இன்னாத்துக்குக் கேக்குற? அவன் பாத்தப்ப க்ளீனாத்தான் இருந்துச்சு. இது அப்பால வந்தது. இல்ல மச்சான்?"

"ஆமாண்டா" என்றேன்.

அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.