மார்கிரட்டிடம் இருக்கும் நெருப்புப்பெட்டி

வணக்கம் சொல்வதற்கு முன்னால் மூக்கை நீட்டிவிடுவாள் மார்கிரட். வருகிறவரின் சட்டைப்பக்கம் ஒரு முகர்வு. பீடியோ சுருட்டோ சிகரெட்டோ, எதுவும் அவளுக்குத் தப்பாது. பிறகு வலது கையை ஏந்துவாள். "நெருப்புப்பெட்டி இருந்தா குடுத்துருங்க ஐயா. போறப்ப அப்படியே தந்துருவேன்." சிங்களவர் வந்தால், "கினிப்பெட்டிய தென்ன, மஹத்தயா" என்பாள். கண்டியிலிருந்து வந்த ஒரு டொக்டர், தான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றார். "தொடாதவங்க பையிலதான் ஐயா மெழுகுவத்தியும் பெட்டியும் கெடக்கும்" என்றாள். அவர் பையைத் திறந்து பார்த்தார். கிடந்தது.

எல்கடுவைக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த லொட்ஜ். ஒரு காலத்தில் துரை பங்களா. உக்குவளை ஜுனைதீன் ஹாஜியார் அதை வாங்கி, ஆறு அறையைச் சரிபண்ணி, மலை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார். அவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்றபடி சமையல், படுக்கை, பூட்டு, சாவி எல்லாம் மார்கிரட்தான். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் ஒஸ்வல்ட் தவறிப்போய்ப் பதினைந்து வருஷம். பிள்ளை இல்லை.

அவள் எனக்கு என்ன முறை என்றால், என் பெரியம்மா மகன் ரபாயேல் கட்டியது மார்கிரட்டின் அக்காள் லூசியாவை. அந்த வழியில் எனக்கு மச்சினி முறை வரவேண்டும். ஆனால் ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தாயாக நின்றது என் தாய் என்பதால் அவள் என்னை அண்ணே என்றே கூப்பிடுவாள். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

வாங்கிய நெருப்புப்பெட்டிகளை ஒரு மாரி பிஸ்கட் தகரத்தில் போடுவாள். எழுத்துத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும், கொடுத்தவர் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் நிறத்தில் ஒரு நூலைச் சுற்றிவைப்பாள். போகும்போது நூலை அவிழ்த்துக் கையில் தருவாள். பத்துச் சிகரெட்டுக்காரர் ஒரே நாளில் வந்தாலும் மாறியதில்லை. ஒரு பெட்டி போனதில்லை, ஒரு குச்சி குறைந்ததில்லை.

மாதங்களை அவள் நாட்காட்டியில் பார்ப்பதில்லை. அட்டைப்பூச்சி படியேறி வந்தால் தை மாத மழை. விருந்தாளிகளின் காலுக்குச் சவர்க்காரம் தேய்த்து அனுப்புவாள். வண்ணத்துப்பூச்சி வரிசையாகத் தெற்கே பறந்தால் பங்குனி. "மலைக்குச் சாமி கும்பிடப் போறாங்க, வழியில நிக்காதீங்க" என்று மனிதரை ஒதுக்கிவிடுவாள். குரங்கு குளியலறைச் சவர்க்காரத்தைத் தூக்கினால் காட்டில் பழம் முடிந்துவிட்டது. கேளையாடு இருமுகிற மாதிரி குரைத்தால் சிறுத்தை கீழே இறங்கியிருக்கிறது, பின்வாசலைப் பூட்ட வேண்டும். மரைமான் பகலிலேயே வந்து குழாயடியில் தண்ணீர் குடித்தால் மேற்கேயிருந்து உலர்ந்த கச்சான் காற்று வரப்போகிறது.

கச்சான் வந்துவிட்டால் அவள் வேறு ஆள். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் காலை பத்து மணிக்குள் சமையல் முடிந்துவிடும். அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். மத்தியானம் ஆறின சோறுதான். தேத்தண்ணீர் கேட்டால் போத்தலில் வைத்ததைத் தருவாள். வராந்தாவில் நாலு பீப்பா தண்ணீர், எட்டு வாளி மணல். அடுப்பு மூட்டுகிற பெட்டியை எங்கே வைப்பாள் தெரியுமா? குசினிப் பீப்பாயின் மூடிமேல். ரபாயேல் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "ஏன் புள்ள, அது எந்திரிச்சிப் போயிப் பத்திக்கும்னா தண்ணி மேல உக்கார வச்சிருக்க?"

"சிரிங்க மச்சான். மாட்டுப்பட்டி எரிஞ்சப்ப நீங்கதான ஒக்காந்து அழுதீங்க."

அது எழுபத்தொன்பதில். யாரோ வீசிய சுருட்டுத் துண்டில் ரபாயேலின் இரண்டு பசு போயின. அன்றிலிருந்துதான் இந்தக் கையேந்தல்.

அந்தத் தகரத்தின் அடியில் ஒரு பெட்டி ஆறு வருஷமாகக் கிடக்கிறது. சுற்றியிருப்பது நீல நூல்.

அது ஆறுமுகநாதன் என்கிற நில அளவைக் கந்தோர்த் தம்பியுடையது. வடக்குப் பக்கம். மாத்தளையில் வேலை. லீவு கிடைத்தால் தோளில் கமெராவைப் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிடுவார், குருவி பார்க்க. மார்கிரட் வருஷாவருஷம் ஆனி மாதத்தில் லொட்ஜைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி மண்ணைக் காட்டுவாள். நெருப்பு தாண்டக்கூடாது என்று. தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்தில் அதற்குப் பெயர் பயர் லைன். சுவரை ஒட்டி வெட்டிக்கொண்டிருந்தவளை அந்தத் தம்பி நிறுத்தினார். "அக்கா, இவ்வளவு கிட்ட வெட்டினா பொறி பறந்து கூரையில விழும். கொஞ்சம் கீழ இறக்குவம்." தன் அளவைச் சங்கிலியைக் கொண்டுவந்து, சரிவில் அறுபது அடி கீழே முளை அடித்துக் கொடுத்தார். அந்தக் கோட்டைத்தான் இன்றைக்கும் வெட்டுகிறாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை. படச்சுருள் முடிந்துவிட்டது என்று கீழே இறங்கினார். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஒரு கூட்டாளியையும் பார்க்க இருந்ததாம். மார்கிரட் தகரத்தைத் திறந்தாள். "வேண்டாமக்கா, பின்னேரம் வந்திடுவன். பெட்டி அங்கயே கிடக்கட்டும்."

வரவில்லை. நாலந்தாப் பக்கம் பஸ்ஸை மறித்து, வடக்கு முகவரி போட்ட அடையாள அட்டைக்காரர் மூன்று பேரை இறக்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. மறித்தவர்கள் யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போதெல்லாம் அதற்கு மேல் கேட்க வாய் வராது.

அடுத்த வருஷம் அவருடைய தாயார் சரோஜினிதேவி வவுனியாவிலிருந்து வந்தார். மூன்று நாள் பயணம், எத்தனையோ சோதனை. மார்கிரட் தம்பியுடைய பையையும், துவைத்து மடித்த சாரத்தையும், குருவிகளைக் குறித்துவைத்த கொப்பியையும் எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் தகரத்தைத் திறந்து நீல நூல் பெட்டியையும் நீட்டினாள். அந்த அம்மா அதைப் பார்த்தார். மகன் சிகரெட் பத்துவான் என்று அவருக்கு அதுவரைக்கும் தெரியாது போல. "இது உன்னட்டையே இருக்கட்டும் பிள்ளை. அவன் வந்து தன்ர கையால வாங்கட்டும்" என்றார்.

"இருக்கும்மா. யாரும் தொட மாட்டாங்க" என்றாள் மார்கிரட்.

சொன்னபடியே வைத்திருந்தாள். ஈரம் தாக்காதிருக்கத் தகரத்துக்குள் ஒரு பிடி அரிசி போட்டு, மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றிவைப்பாள். சில நாள் விருந்தாளி இல்லாமல் தகரம் வெறுமையாக இருக்கும். அப்போதும் அந்த ஒன்று இருக்கும்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில்தான் அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது.

மூன்று மாதமாக மழை இல்லை. ஊரடங்கும் சோதனையுமாக விருந்தாளியும் இல்லை. வேட்டைக்காரர் யாரோ பன்றியைக் கிளப்ப மேற்குச் சரிவில் வைத்த நெருப்பு, காற்றோடு சேர்ந்து மேலே ஏறத் தொடங்கியது. பகல் பதினொன்றரை மணி. ஆண்களும் கொழுந்து எடுக்கிற பெண்களும் தூரத்து மலையில் வேலையில் நின்றார்கள். லொட்ஜுக்குப் பின்னால் பத்து நிமிஷ ஏற்றத்தில் மேல் லயம். இருபது காம்பிரா, உள்ளே தொட்டில் பிள்ளைகளும் நோயாளிகளும். லொட்ஜைத் தாண்டினால் நெருப்புக்கு அடுத்த வாசல் அதுதான்.

லயத்திலிருந்து ஓடிவந்தது ஏழு பேர். ரபாயேல், நான், ஐந்து பெண்கள். பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு கோட்டில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் காடு ஓடிவந்தது. முயல், முள்ளம்பன்றி, ஒரு சாரை, குட்டியை முன்னால் விட்டு ஒரு கேளையாடு. எல்லாம் எங்கள் காலுக்கிடையில் புகுந்து போயின. ஒரு மரை மட்டும் செதுக்கிய மண்ணில் வந்து நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எங்களையே பார்த்தது.

புல் ஆள் உயரம். சுவாலை அதற்கு இரண்டு மடங்கு. பத்தடி அகலக் கோட்டை அது ஒரு எட்டில் தாண்டிவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது. வழி ஒன்றுதான். கோட்டுக்கு அந்தப் பக்கப் புல்லை நாமே கொளுத்திவிட வேண்டும். பெரிய நெருப்பு கிட்ட வரும்போது காற்றைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில் கொளுத்தினால் சின்ன நெருப்பு அதைப் பார்த்து ஓடும், இரண்டும் முட்டிச் சாகும். முந்திக் கொளுத்தினால் நம் மேலேயே திரும்பும்.

"பெட்டிய எடு புள்ள!" என்று கத்தினான் ரபாயேல்.

மார்கிரட் குசினிக்கு ஓடினாள். பெண்கள் பீப்பாயை இழுத்து வெளியே எடுத்த அவசரத்தில், மூடிமேல் இருந்த பெட்டி தண்ணீருக்குள் விழுந்து கூழாகியிருந்தது. அடுப்பில் பத்து மணிக்கே தண்ணீர் ஊற்றியாயிற்று. வருஷம் முழுக்கக் காத்த எச்சரிக்கையே அன்றைக்கு எங்கள் காலை வாரியது.

"மச்சான், உங்க பெட்டி?"

ரபாயேல் மடியைத் தடவினான். பீடிக்கட்டு மட்டும் வந்தது. "ஒன் வீட்டுக்கு வர்றப்ப எவன் பெட்டியோட வருவான்? வாசல்லயே புடுங்கிருவன்னு லயத்துலயே வச்சிட்டு வந்தேன்!"

மற்றவர்களும் அப்படியே. பதின்மூன்று வருஷமாக அவள் பழக்கிய பழக்கம். லயத்துக்கு ஏறி இறங்க நேரம் இல்லை.

அவள் உள்ளே போய்த் தகரத்தோடு வந்தாள். நீல நூல் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சூடு முகத்தில் அடித்தது.

"எடுத்துக் கிழி புள்ள!"

"அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கேன் மச்சான்."

"அந்தம்மாவுக்கு நான் பதில் சொல்றேன். மேல லயத்துல டொறீனோட கைப்பிள்ள தொட்டில்ல கெடக்கு. அதுக்கு யார் பதில் சொல்றது?"

நூலை அவிழ்த்தாள். அப்போதும் அறுக்கவில்லை, அவிழ்த்தாள். இடது கையால் ஒரு பிடி சருகை உதிர்த்துப் பார்த்தாள். அது எங்கள் பக்கம் வந்து விழுந்தது. "இல்ல, இன்னும் இல்ல" என்றாள். மயிர் கருகுகிற வாசம் அடித்தது. யாரோ அருள்நிறை மரியே செபம் சொல்லத் தொடங்கினார்கள். மறுபடி உதிர்த்தாள். சருகு ஒரு கணம் தயங்கி, நெருப்புப் பக்கம் பறந்தது.

முதல் குச்சி தலை உடைந்து போயிற்று. இரண்டாவது பிடித்தது. குனிந்து புல்லில் வைத்தாள். அதிலிருந்து ரபாயேல் ஒரு சருகுக் கட்டில் பற்றவைத்துக்கொண்டு கோட்டோடு ஓடினான். எங்கள் நெருப்பு முதலில் பூனைக்குட்டி மாதிரி நின்றது. பிறகு காற்று அதை இழுத்துக்கொண்டு கீழே போயிற்று. இரண்டும் முட்டியபோது வந்த சத்தம், நூறு தகரம் ஒரேயடியாய் உருண்ட மாதிரி. அதற்குப் பிறகு புகைதான். பொறி பறந்தது உண்மை. ஆனால் கூரைக்கு அறுபது அடி இருந்தது. விழுந்ததையெல்லாம் பெண்கள் ஈரச்சாக்கால் அடித்தார்கள்.

இரண்டு மணிக்கு மலை கறுப்பாக, அமைதியாக இருந்தது. அந்த மரை குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.

மார்கிரட் முகம்கூடக் கழுவவில்லை. புருவம் ஒன்று கருகியிருந்தது. உடைந்த குச்சியையும் எரிந்த குச்சியையும் தேடி எடுத்து மணல் வாளியில் புதைத்தாள். பிறகு ரபாயேலிடம், "மச்சான், லயத்துக்குப் போயி ஒங்க பெட்டிய எடுத்தாங்க" என்றாள்.

"பீடி குடிக்க உத்தரவா?"

"எடுத்தாங்கன்னா எடுத்தாங்களேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறிப்போய் எடுத்துவந்தான். வராந்தாப் படியில் உட்கார்ந்து அவள் இரண்டு பெட்டியையும் மடியில் திறந்துவைத்தாள். தம்பியின் குச்சிகளுக்குத் தலை கறுப்பு. ரபாயேலுடையதற்குச் சிவப்பு. அதிலிருந்து இரண்டு குச்சியைப் பொறுக்கி எடுத்தாள்.

"அந்தாளு வந்து எண்ணியா பாக்கப் போறாரு?" என்றான் ரபாயேல். சொன்னபிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் இரண்டு சிவப்புத் தலையையும் கறுப்புத் தலைகள் பார்க்கிற பக்கமே பார்க்கவைத்து அடுக்கினாள். பெட்டியை மூடி, காதோரம் பிடித்து ஒருமுறை குலுக்கிக் கேட்டாள். பிறகு நீல நூலைப் பழைய சுற்றிலேயே சுற்றி, முடிச்சை விரலால் அழுத்தி, அரிசிக்குள் இறக்கி வைத்தாள்.