மல்லாட்டைப் பாடம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் என் அம்மாவும் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தது. தினமும் காலையில் அம்மாவும் நானும் அந்த ஒரு மைலை நடந்து, பஸ் பிடித்துத் திண்டிவனம் போவோம். அவள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு. நான் அதிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஆரம்பப் பள்ளிக்கு. சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். இருவருக்குமே வீட்டுப்பாடம் இருக்கும். அம்மாவுக்குத்தான் அதிகம்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, இருபத்தெட்டு வயதில் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த தெருவில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, இதில் துளியும் சம்மதமில்லை. "பொண்ணுக்கு சடை பின்னி உடற வயசுல இவ பையத் தூக்கிக்கினு பள்ளிக்கூடம் போறாளாம்" என்று குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்வாள். அப்பாவோ காலையில் எழுந்து கேப்பைக் கூழைக் கரைத்து இரண்டு தூக்குகளில் ஊற்றி வைத்துவிட்டுக் கொல்லையில் பயிர் வேலைக்குப் போய்விடுவார்.

அது அவளுக்கு இரண்டாம் வருடம். அந்த வருடத்தில் பயிற்சி மாணவிகள் உண்மையான பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். யாருக்கு எந்தப் பள்ளி என்று சீட்டு எடுத்தார்கள். அம்மாவுக்கு என் பள்ளிக்கூடம் வந்தது. வகுப்பும் என் வகுப்பே. நான் குதித்தேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"தோ பாரு, அங்க நான் உனக்கு அம்மா இல்ல, டீச்சர். அம்மான்னு கூப்புடக் கூடாது. எனக்குத் தெரியும்னு முந்திக்கினு பதில் சொல்லக் கூடாது. வீட்லயே சொல்லிக் குடுத்து இட்டாந்துட்டேன்னு நெனைப்பாங்க."

அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

முதல் வாரம் சத்தியத்துக்குப் பங்கம் வரவில்லை. அம்மா திருக்குறள் நடத்தினாள், வகுத்தல் கணக்கு நடத்தினாள். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் அவளுடைய விரிவுரையாளர் வந்து ஒரு பாடத்தைப் பார்த்து மதிப்பிடுவதாக இருந்தது. அந்தப் பாடத்தில் கோட்டைவிட்டால் வருடமே வீணாகலாம் என்று அவளுடைய தோழிகள் பயமுறுத்தியிருந்தார்கள். அன்றைய பாடம் வேர்கள்.

படம் வரைந்து காட்டுவதைவிடச் செடியையே காட்டலாம் என்று அம்மா முடிவு செய்தாள். ஆணிவேருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி; சல்லிவேருக்குக் கேப்பைப் பயிர். இரண்டுமே எங்கள் கொல்லையில் இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தோம். அம்மா ஒரு மல்லாட்டைச் செடியைப் பக்குவமாகப் பிடுங்கி மண்ணை உதறினாள். "காய் எங்க காய்ச்சிருக்குது சொல்லு" என்றாள். வேரில் என்றேன். சிரித்துவிட்டு, ஒரு மஞ்சள் பூவைத் தொட்டுக் காட்டினாள். பூ வாடினதும் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒரு விழுது கிளம்பி, கீழே இறங்கி, மண்ணுக்குள் நுழைந்து, அங்கே போய்த்தான் காயாகிறது. ஒவ்வொரு காயாகப் பிடித்து மேலே தடவிக்கொண்டே போனால், எல்லாம் தண்டில்தான் போய் முடிந்தன. வேரில் ஒன்றுகூட இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அப்பா இரண்டு செடிகளையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா, மார்க்கெட்டுக்கா?" என்றார். "பாடத்துக்கு" என்றாள் அம்மா. அவர் புரியாமல் விசிலை ஊதினார்.

விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடி போட்ட குட்டையான அம்மாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டார். அம்மா சுருள் கரும்பலகையை மாட்டும்போது அது இரண்டுமுறை கழன்று விழுந்தது. சாக்பீஸ் உடைந்தது. ஆனாலும் ஆரம்பித்துவிட்டாள். மல்லாட்டைச் செடியை உயர்த்திப் பிடித்து ஆணிவேர் எது என்று காட்டிக்கொண்டிருந்தபோது, முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மல்லாட்டை வேர்லதான காய்க்குது?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வி அம்மா எழுதிவைத்திருந்த பாடத்திட்ட நோட்டில் இல்லை. அம்மா கடைசி பெஞ்சைப் பார்த்தாள். விரிவுரையாளரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாம்ப்பா, வேரில்தான். உட்காரு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நேற்று கொல்லையில் ஒன்று சொல்லிவிட்டு இன்று வகுப்பில் வேறொன்று சொல்கிறாளே என்று பொறுக்க முடியவில்லை. சத்தியம் நினைவுக்கு வருவதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

"அம்மா, ஏம்மா பொய் சொல்ற? பூவுல இருந்து விழுது எறங்கித்தான் காய்க்கும்னு நேத்து நீதான சொன்ன!"

வகுப்பே சிரித்தது. "அம்மாவாம்டா!" என்று யாரோ கத்தினார்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. கையிலிருந்த செடியைப் பார்த்தாள். பிறகு, "நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. இங்க வந்து எல்லாருக்கும் காட்டும்மா" என்றாள்.

நான் போய்க் காட்டினேன். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்று அவர்களும் எழுந்து வந்தார்கள். ஆளுக்கொரு காயைப் பிடித்து மேலே தடவிப் பார்த்தார்கள். கேள்வி கேட்ட பையன் செடியைத் தலைகீழாகப் பிடித்து வேரில் ஒரு காயாவது இருக்கிறதா என்று தேடினான். ஒரே சத்தம். மணி அடித்துவிட்டது. கேப்பைப் பயிர் சாக்குக்குள்ளேயே இருந்தது. விரிவுரையாளர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். சத்தியத்தை மீறினால் அவள் தலைக்கு ஏதாவது ஆகும் என்ற பயத்தில் நான் வழியெல்லாம் அவள் தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மதிப்பீடு எழுதிய நோட்டு கைக்கு வந்தது. அம்மா பஸ்ஸில் அதைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கொடுத்து, "நீங்களே படிங்க" என்றாள். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். 'பாடம் முழுமையாக முடிக்கப்படவில்லை. ஆசிரியை ஒரு தவறான விடை கூறினார். மாணவி திருத்தியபோது உடனே ஏற்று, அவளையே விளக்கச் செய்தார். வகுப்பில் ஒருவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நன்று.' கடைசிச் சொல்லை அப்பா இரண்டுமுறை படித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் உளுந்து வடை சுட்டாள்.

விவகாரம் அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் அம்மா அதை விடவில்லை. குழாயடியில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், தோழிகளிடம் சொன்னாள். "அத்தினி பேர் முன்னால எம் பொண்ணு எழுந்து, ஏம்மா பொய் சொல்றன்னு கேட்டுட்டா!" அத்தையின் வீட்டுக்கே போய் அதைச் சொன்னாள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "யாருகிட்ட வந்துச்சு இந்த வாயி?" என்றாள். நான் கூனிக் குறுகிப்போவேன். ஒருதரம் திட்டிவிட்டு விட்டிருக்கலாம். இப்படி ஊரெல்லாம் என்மேல் கோள் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று இருந்தது.

அதனால் மிச்சமிருந்த நாட்களில் கெட்டியாக வாயை மூடிக்கொண்டேன். அம்மா ஒரு கேள்வி கேட்பாள். எனக்கு விடை தெரியும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் கை தூக்கிக் கத்துவார்கள். அவள் உடனே யாரையும் சொல்லச் சொல்லமாட்டாள். என் பெஞ்சின் பக்கம் பார்த்தபடி, சாக்பீஸை விரல்களில் உருட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேனா என்று சோதிக்கிறாள் என்றே கடைசி நாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.